சுடுதண்ணித் தொட்டிக்கு மூச்சுக்குழாய் வேண்டுமா?

போன ஐப்பசி மழைக்குக் கொஞ்ச நாள் முன்னால், காலை ஆறு மணிக்கு அன்னூரிலிருந்து மாமனார் கூப்பிட்டார். "ஏனுங்க மாப்ள, ராத்திரி பூரா மொட்டமாடில தண்ணி ஊத்துற சத்தமுங்க. சோலார் டேங்க் ஓட்டையாயிருச்சாட்ட இருக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். தொட்டியில் ஓட்டை எதுவும் இல்லை. தொட்டியின் தலையிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்குமே ஏர் வென்ட் பைப், அதன் வாய் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே பிரஷர் பம்ப் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் முன்பு, மாடியில் புதிதாகக் கட்டிய குளியலறைக்கு ஷவர் வேகமாக வரவேண்டும் என்று மாட்டிய பம்ப் அது. அந்தக் குளியலறையில்தான் காரணமும் இருந்தது. கை ஷவரின் பொத்தானை மட்டும் மூடிவிட்டு, சுடுதண்ணி, பச்சைத்தண்ணி இரண்டு திருகையும் யாரோ திறந்தபடி விட்டுப் போயிருக்கிறார்கள். பம்ப் தள்ளிய பச்சைத்தண்ணி, இரண்டு தண்ணீரும் கலக்கும் மிக்ஸருக்குள் வந்து, வெளியே போக வழியில்லாமல் சுடுதண்ணிக் குழாய்க்குள் புகுந்து, மேலே ஏறி, சோலார் தொட்டியை நிரப்பி, வென்ட் பைப் வழியாக மொட்டைமாடியில் கொட்டியிருக்கிறது. விடிய விடிய நல்ல தண்ணீரும் போனது, முந்தின நாள் வெயிலில் காய்ந்த சூடும் போனது.

வந்து பார்த்த பிளம்பர் சொன்ன வைத்தியம் சுலபமானது. "அந்த வென்ட் பைப்புக்கு ஒரு டம்மி போட்டு அடைச்சரலாமுங்க." அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

சுடுதண்ணி வைக்கும் தொட்டிகள் எல்லாமே இரண்டே சாதி. ஒன்று, எங்கேயாவது ஓர் இடத்தில் காற்றோடு திறந்தே இருக்கும் தொட்டி. இன்னொன்று, எல்லாப் பக்கமும் மூடி, அழுத்தத்தோடு தண்ணீரை வைத்திருக்கும் தொட்டி. சோலார் கடைக்காரர்கள் முதலாவதை நான்பிரஷரைஸ்டு என்றும் இரண்டாவதை பிரஷரைஸ்டு என்றும் சொல்வார்கள். வெளிநாட்டில் வென்டட், அன்வென்டட் என்று பெயர். வாங்கும்போது நாம் கேட்பதெல்லாம் எத்தனை லிட்டர், எத்தனை வருஷ வாரண்டி என்பதுதான். இந்தத் தொட்டி மூச்சு விடுமா, விடாதா என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் வீட்டின் பாதுகாப்பும், ஷவரின் வேகமும், தொட்டியின் ஆயுளும் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகின்றன.

நம் ஊர்ப் பழைய ஏற்பாடுகள் எல்லாம் திறந்தவைதான். பொடக்காலியில் மூன்று கல் கூட்டி, தென்னமட்டையும் பாளையும் வைத்து எரித்துக் காயவைத்த அண்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது முழுக்கத் திறந்தது. அதற்கப்புறம் வந்த செப்பு பாய்லரை நினைத்துப் பாருங்கள். நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊற்றினால் பக்கத்துக் குழாயில் ஒரு சொம்பு சுடுதண்ணி வழியும். அந்த வழிகிற வாய்க்குத் திருகு வைக்கவில்லை. காரணத்தோடுதான் வைக்கவில்லை. கொட்டாங்குச்சி அதிகமாகப் போட்டுத் தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும், ஆவி புனல் வழியாகவும் வாய் வழியாகவும் போய்விடும். உள்ளே அழுத்தம் ஏற இடமே இல்லை. பாத்திரம் எவ்வளவு நசுங்கிக் கிடந்தாலும் வெடிக்காது.

தண்ணீர் சூடானால் பெருக்கும். இந்த விஷயத்தின் ஆணிவேர் அதுதான். 30 டிகிரியில் இருந்த தண்ணீர் 60 டிகிரிக்கு வந்தால் ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல் பெருக்கிறது. 200 லிட்டர் சோலார் தொட்டியில் அது இரண்டரை லிட்டர். 80 டிகிரி வரை போனால் ஐந்து லிட்டர். 15 லிட்டர் கீசரில் ஒரு டம்ளர் அளவு. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் காற்றைப் போல அமுங்கிக் கொடுக்காது. போக இடமில்லாத அந்த ஒரு டம்ளர் தண்ணீர், இரும்புத் தொட்டியையே புடைக்க வைக்கும்.

திறந்த தொட்டியில் அந்த ஒரு டம்ளர் வென்ட் பைப்பில் கொஞ்சம் ஏறி நிற்கும், அல்லது வந்த வழியே ஓவர்ஹெட் டேங்குக்குத் திரும்பும். மூடிய தொட்டியில் அதற்கு வேறு இடம் ஏற்பாடு செய்ய வேண்டும். நடுவில் ரப்பர் சவ்வும் ஒரு பக்கம் காற்றும் உள்ள சிறு டேங்க் ஒன்றை வைப்பார்கள். எக்ஸ்பான்ஷன் டேங்க் என்று பெயர். இல்லாவிட்டால் அழுத்தம் மிஞ்சும்போது தானாகத் திறந்து சொட்டுவிடும் சேஃப்டி வால்வு வேண்டும்.

மூடிய தொட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை எந்த வீட்டு அம்மாவுக்கும் விளக்கத் தேவையில்லை. குக்கர் தெரியுமே. அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். 2 கிலோ அழுத்தத்தில், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 2 கிலோ எடை தள்ளும்போது, 130 டிகிரி வரைகூடப் போகும். குறித்த சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும் கீசரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் காவலுக்கு இருக்கும் தெர்மல் கட்அவுட்டும் வேலை செய்யாமல், சேஃப்டி வால்வும் அடைத்துக் கிடந்தால், அந்த நிலைக்குத் தண்ணீர் வந்துவிடலாம். அப்போது தொட்டியின் தையல் ஒரு இடத்தில் விட்டால், அழுத்தம் சட்டென்று விழுந்து தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். கீசர் வெடித்துச் சுவர் பெயர்ந்தது என்று கேள்விப்படுகிறோமே, அதன் உள்விவரம் இதுதான். மூன்று காவலும் ஒரே நேரத்தில் தூங்கினால் மட்டுமே இது நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் ஒரு காவலை நாமே அடித்துத் தூங்க வைக்கிறோம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இங்கிலாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப காலம் பயந்தே இருந்தார்கள். வீட்டுக் கூரைக்கடியில் ஒரு பச்சைத்தண்ணித் தொட்டி, அதற்குக் கீழே செப்பு சிலிண்டர், சிலிண்டரின் தலையிலிருந்து கிளம்பி மறுபடி கூரைத் தொட்டியின் மேலே வளைந்து நிற்கும் வென்ட் பைப். அவர்கள் வீடுகளில் பல தலைமுறைக்கு இதுதான் ஏற்பாடு. மூடிய சிலிண்டரை 1980களின் நடுவில்தான் கட்டட விதிகள் அனுமதித்தன. அனுமதித்தபோதும் சும்மா விடவில்லை. தெர்மோஸ்டாட், தானாகத் திரும்ப இயங்காத கட்அவுட், 90 டிகிரியைத் தாண்டிய அளவில் திறந்துவிடும் வெப்ப, அழுத்த வால்வு என்று காவல் மேல் காவல். பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும் என்ற கட்டாயம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வால்விலிருந்து வெளியேறும் தண்ணீர், நடுவில் ஒரு திறந்த புனல் வழியாக, வீட்டுக்காரர் கண்ணில் படும்படி விழ வேண்டும். சொட்டினால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தப் புனல்.

அவர்கள் மூடிய தொட்டிக்கு மாறியதற்குக் காரணம், தெருக் குழாயில் இருபத்து நாலு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் வருகிறது. அந்த அழுத்தத்தை அப்படியே ஷவருக்குக் கொண்டுபோகலாம். நம் கதை வேறு. நல்லதண்ணி சில நாளைக்கு ஒருமுறை வந்து சம்ப்பில் விழும். மற்றதற்கு போர் தண்ணி. இரண்டையும் மோட்டார் போட்டு மேலே ஏற்றி, அங்கிருந்து தானாக இறக்குகிறோம். ஓவர்ஹெட் டேங்குக்கும் ஷவருக்கும் இடையே எத்தனை அடி உயரமோ அவ்வளவுதான் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ. கீழ்வீட்டுக் குழாயில் நன்றாக வரும். மேல்மாடி ஷவருக்கு மேலே டேங்க் பத்தடியில் இருந்தால் கிடைப்பது 0.3 கிலோ. பெரிய மழை ஷவர்கள் நன்றாக வேலை செய்ய ஒரு கிலோவாவது வேண்டும். கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்து மாட்டினால் சொட்டுச் சொட்டாக விழும். அங்கேதான் பிரஷர் பம்ப் வீட்டுக்குள் நுழைகிறது.

இங்கேதான் பலருக்கும் தெரியாமல் ஒரு மாற்றம் நடக்கிறது.

உங்கள் குளியலறைக் கீசர் மூடிய தொட்டிதான். ஆனால் டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில், குழாயில் நடுவே நான்ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுவது) எதுவும் இல்லாமல் மாட்டியிருந்தால், பெருத்த அந்த ஒரு டம்ளர் தண்ணீர் பச்சைத்தண்ணிக் குழாய் வழியாகவே திரும்பி ஓவர்ஹெட் டேங்குக்குப் போய்விடும். நடைமுறையில் அது திறந்த தொட்டி. என்றைக்கு பிரஷர் பம்ப் வந்ததோ அன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. பம்ப்புக்குள் ஒரு நான்ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. தண்ணீர் திரும்பிப் போக முடியாது. யாரும் முடிவெடுக்காமலே உங்கள் வீடு மூடிய முறைக்கு மாறிவிட்டது. சேஃப்டி வால்வு அதுவரை அலங்காரமாக இருந்தது, இனி அதை நம்பித்தான் வீடு இருக்கிறது.

அந்த வால்வு என்ன செய்யும்? ஒவ்வொரு முறை கீசர் காயும்போதும் கொஞ்சம் சொட்டும். ஒரு டம்ளர் தண்ணீர் சொட்டி முடித்தால் நின்றுவிடும். அது அதன் வேலை. ஆனால் சுவர் நனைகிறது, டைல்ஸில் வெள்ளைக் கறை விழுகிறது என்று பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவர் ஒரு டம்மியைத் திருகி அடைத்துவிட்டுப் போகிறார். நான் பார்த்த வீடுகளில் அப்படி அடைத்த வால்வுகள் ஒன்றிரண்டு அல்ல. உங்கள் வீட்டில் இப்போதே போய்ப் பாருங்கள். கீசரின் பச்சைத்தண்ணி வரும் பக்கம் ஒரு சின்ன பித்தளை வால்வு இருக்கும். அதன் சொட்டு வாய் திறந்திருக்க வேண்டும். நனைவது தொந்தரவாக இருந்தால் அந்த வாயில் ஒரு மெல்லிய டியூபை மாட்டி, தரையில் தண்ணீர் போகும் ஜாலி பக்கமாக இறக்கிவிடுங்கள். டியூபின் முனை தண்ணீரில் மூழ்காமல், கண்ணில் படும்படி இருக்கட்டும். நிற்காமல் நாள் முழுக்கச் சொட்டினால் மட்டும் அது கோளாறு. அப்போது பம்ப்பின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அல்லது வால்வை மாற்ற வேண்டும்.

சரி, சோலாருக்கு வருவோம். அங்கே கொங்கு நாட்டின் தண்ணீர் வந்து குறுக்கே நிற்கிறது.

சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். அந்தத் தண்ணீரில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையே படியாது. மற்ற இடங்களில், அன்னூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கமெல்லாம், ஆயிரம் அடிக்குப் போட்ட போரில் வரும் உப்புத்தண்ணிதான் குளிக்கவும் துவைக்கவும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நம் போர்கள் பல அந்த மேல் எல்லையைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. அந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. சூடு ஏற ஏறப் படிவது அதிகம், 60 டிகிரிக்கு மேல் ரொம்பவே அதிகம். கீசரின் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முட்டை ஓடு மாதிரி தடிமனாக ஒட்டியிருக்கும்.

இந்தச் சுண்ணாம்பு, திறந்த தொட்டியையும் மூடிய தொட்டியையும் வேறு வேறு விதமாகத் தாக்குகிறது. திறந்த தொட்டியில் படிந்தால் சூடு குறையும், கொள்ளளவு குறையும், சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு ஆசிட் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும். செலவுதான், ஆபத்து இல்லை. மூடிய தொட்டியில் அது சேஃப்டி வால்வின் ஸ்பிரிங்கிலும் இருக்கையிலும் படிந்து, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் செய்துவிடும். பாதுகாப்பு முழுவதும் ஒரு விரல் பருமன் வால்வில் இருக்கும்போது, அந்த வால்வையே முதலில் கெடுக்கும் தண்ணீர் நம்முடையது. நான் திறந்த தொட்டியின் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கண்ணாடிக் குழாய். சோலாரில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. பழைய தட்டை பேனல். அதற்குள் செப்புக் குழாய்கள் ஓடும். அவை குறுகலானவை என்பதால் உப்புத்தண்ணியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும் வகை. அதன் குழாய்கள் அகலமானவை, படிந்தாலும் கழுவலாம், ஒன்று உடைந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். உப்புத்தண்ணி ஊர்களில் இதுவே எடுபட்டதற்குக் காரணம் அதுதான். ஆனால் தண்ணீர் நேரடியாகக் கண்ணாடிக்குள்ளேயே நிற்கும் இந்த வகை, அழுத்தம் தாங்காது. குழாய் தொட்டியோடு சேரும் இடத்தில் இருப்பது வெறும் ரப்பர் வளையம். உள்தொட்டியும் மெல்லிய தகடு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியின் பக்கவாட்டு மூடியின் பரப்பு 1,590 சதுர சென்டிமீட்டர். ஒரு கிலோ அழுத்தம் என்றால் அந்த மூடியின் மேல் ஒன்றரை டன்னுக்கு மேல் தள்ளுகிறது. ஒரு கார் சாய்ந்து நிற்பது போல. மாமனார் வீட்டில் வென்ட் பைப்பை அடைத்து, பம்ப்பின் இரண்டு கிலோவும் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சித்திரை வெயில். நான்கு நாள் கல்யாணம், கோவில் என்று ஊருக்குப் போய்விட்டால் தொட்டித் தண்ணீரை யாரும் எடுக்க மாட்டார்கள். வெயில் நிற்காது, கரண்ட் மாதிரி அதை ஆஃப் செய்யவும் முடியாது. தண்ணீர் கொதிநிலையைத் தொடும். திறந்த தொட்டி ஆவியை விட்டுவிட்டு அமைதியாக இருக்கும். மூடிய தொட்டியில் வால்வு திறந்தே தீர வேண்டும்.

அப்படியானால் மூடிய தொட்டியே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்று மாடி வீடு, நான்கு குளியலறை, எல்லா இடத்திலும் வேகமாக வரவேண்டும், தண்ணீரும் மென்மையானது அல்லது சாஃப்ட்னர் போட்டிருக்கிறது என்றால் மூடிய முறை நன்றாக வேலை செய்யும். ஆனால் அழுத்தம் தாங்கவே செய்த தொட்டியாக, எத்தனை கிலோ தாங்கும் என்று எழுத்தில் தந்ததாக இருக்க வேண்டும். வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் திறக்கும் வால்வு, எக்ஸ்பான்ஷன் டேங்க் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். வால்வின் கைப்பிடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்கிவிட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்தத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரலாம், கை, முகம் தள்ளியிருக்கட்டும். இத்தனையும் செய்ய மனமிருந்தால் வாங்குங்கள். பாதி செய்து பாதி விடுவதற்கு இது ஏற்ற பொருள் இல்லை.

திறந்த முறைக்கும் அதன் ஒழுங்குகள் உண்டு. ஓவர்ஹெட் டேங்கின் அடி, சோலார் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். வீடு கட்டும்போதே இதை இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள், பின்னால் சொன்னால் டேங்குக்கு ஸ்டாண்டு அடிக்க வேண்டியிருக்கும். வென்ட் பைப்பின் வாய், டேங்கில் தண்ணீர் நிற்கும் உச்ச மட்டத்தைவிட ஓரடியாவது உயரமாக நிற்கட்டும். வென்ட் பைப்பில் எந்த வால்வும் வரக்கூடாது. வாயைக் கீழ்நோக்கி யூ பெண்ட் போட்டு வளைத்து, ஒரு வலை கட்டிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் குளவி. மண்குளவிக்கு அந்த ஓட்டை ரொம்பப் பிடிக்கும். வென்ட் அடைத்தபடி இருக்கும்போது, ஓவர்ஹெட் டேங்க் காலியாகிக் கீழே யாராவது குழாயைத் திறந்தால், தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு உள்ளே காற்று வர வழியில்லாமல் தொட்டி உள்வாங்கி நசுங்கிவிடும். மூச்சு விட மட்டுமல்ல, மூச்சு இழுக்கவும் அந்தக் குழாய் வேண்டும்.

வேகம் வேண்டும் என்பவர்களுக்கும் திறந்த முறையில் வழி இருக்கிறது. சோலார் தொட்டியை அழுத்தத்தில் வைக்காமல், அதிலிருந்து கீழிறங்கும் சுடுதண்ணிக் குழாயில் சூடு தாங்கும் பம்ப் ஒன்றைத் தனியாக மாட்டலாம். பச்சைத்தண்ணிக்கு ஒரு பம்ப், சுடுதண்ணிக்கு ஒரு பம்ப், இரண்டும் ஒரே அளவு. மிக்ஸரில் சந்திக்கும் இரண்டு தண்ணீரும் சம பலத்தோடு வந்தால்தான் ஒன்று மற்றதைத் தள்ளாது. ஒரு பக்கம் இரண்டு கிலோ, மறு பக்கம் 0.3 கிலோ என்றிருந்தால் ஷவரில் பச்சைத்தண்ணிதான் வரும், சுடுதண்ணி எட்டிக்கூடப் பார்க்காது. பம்ப்பின் பச்சைத்தண்ணி ஏறினாலும் வென்ட் வழியாக வழியாமல் இருக்கவேண்டும் என்றால், இரண்டு கிலோவுக்கு அறுபத்தைந்து அடி உயரத்துக்கு வென்ட் பைப் நட வேண்டும். அது நடக்கிற காரியமா?

மாமனார் வீட்டில் கடைசியில் செய்தது இதுதான். வென்ட் பைப்புக்கு டம்மி போட்டு அடைக்கவில்லை. மாடிக் குளியலறைக்கு இறங்கும் சுடுதண்ணிக் குழாயில் சின்ன பம்ப் ஒன்று மாட்டினோம். மிக்ஸருக்கு முன்னால் சுடுதண்ணிப் பக்கம் ஒரு நான்ரிட்டர்ன் வால்வு வைத்தோம். அது தொட்டிக்குக் கீழே இருப்பதால் வென்ட் பைப்புக்கு எந்தத் தடையும் இல்லை, ஆனால் பச்சைத்தண்ணி இனி மேலே ஏற முடியாது. கை ஷவரில் குளித்து முடித்ததும் இரண்டு திருகையும் மூட வேண்டும் என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிவைத்தார். வென்ட் பைப்பின் வாயைக் கீழே வளைத்து வலை கட்டும்போது உள்ளே கம்பி விட்டுப் பார்த்தேன். கால்வாசிக்கு மண் இருந்தது, குளவி அப்போதுதான் கட்ட ஆரம்பித்திருந்தது.